ப்ளாண்ட்டா, கன்சல்டன்சியா, ஆணையமா: ப்ராசஸ் சேஃப்டி ஆளுக்கு எந்த நாற்காலி?

போன வாரம் ஒரு தம்பி ஃபோன் பண்ணினான். நான் ஆலையில் இருந்த காலத்தில் பயிற்சிப் பொறியாளராக வந்து சேர்ந்தவன், இப்போது பத்து வருட அனுபவத்தோடு ஒரு சுத்திகரிப்பு ஆலையில் ப்ராசஸ் சேஃப்டி பார்க்கிறான். "அண்ணா, எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துல ப்ராசஸ் சேஃப்டி நிபுணர் வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஒரு கன்சல்டன்சியும் கூப்பிடுறாங்க. இங்கயே இருந்தா அடுத்த வருஷம் புரமோஷன். எதை எடுக்கிறது?" என்றான். ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மூன்று இடத்திலும் வருடக்கணக்கில் வேலை பார்த்தவன் நான், அதனால் மீதியை இங்கே எழுதிவிடுகிறேன், இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹெல்மெட், ஷூ, கைப்பிடியைப் பிடித்து ஏறு என்கிற பலகை, இதெல்லாம் தேவைதான், ஆனால் ப்ராசஸ் சேஃப்டி வேறு வேலை. குழாய்க்குள்ளும் தொட்டிக்குள்ளும் அழுத்தத்தில் இருக்கிற வாயுவும் எண்ணெயும் அங்கேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது இது. 2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் ஒரு பிரிப்புக் கோபுரத்தை இயக்கத் தொடங்கும்போது அளவுக்கு மேல் நிரப்பிவிட்டார்கள், வழிந்த திரவம் ப்ளோடவுன் டிரம் (அவசரத்தில் வெளியேறுவதைப் பிடிக்கும் கலன்) வழியாக வெளியே கொட்டி, ஆவியாகி, தீப்பிடித்து வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயப்பட்டார்கள். தடுக்கி விழுந்தவர், கை நசுங்கியவர் கணக்கு குறைந்துகொண்டு வந்ததைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நிர்வாகம் நம்பியிருந்தது. இந்த இரண்டு பாதுகாப்பையும் குழப்பிக்கொள்கிற இடத்தில், அது ஆலையாக இருந்தாலும் ஆணையமாக இருந்தாலும், வேலைக்குச் சேராதீர்கள்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். சம்பளத்தையும் விடுமுறையையும் அட்டவணை போட்டு ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு பொருளை எடுத்து, அது மூன்று நாற்காலியிலிருந்தும் எப்படித் தெரிகிறது என்று காட்டுகிறேன்.

எந்த ஆலையின் கண்ட்ரோல் ரூமுக்குப் போனாலும் பைபாஸ் ரிஜிஸ்டர் ஒன்று இருக்கும். சில இடத்தில் கம்ப்யூட்டரில், பல இடத்தில் இன்னும் ஓரம் மடங்கிப்போன நோட்டாக. ஏதோ ஒரு பாதுகாப்பு டிரிப்பை, அதாவது அளவு மீறினால் தானாக நிறுத்திவிடும் அமைப்பை, தற்காலிகமாக முடக்கி வைத்தால் அதில் எழுத வேண்டும்: எந்தக் கருவி, ஏன், எத்தனை மணி நேரத்துக்கு, யார் அனுமதித்தது. நான் ஒருமுறை பார்த்த வரி இது. செபரேட்டர் (எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் கலன்) ஒன்றின் உயர்மட்ட டிரிப், காரணம் 'டிரான்ஸ்மிட்டர் (மட்டத்தை அளந்து அனுப்பும் கருவி) தவறாகக் காட்டுகிறது', காலம் 72 மணி நேரம். அதன் கீழே நீட்டிப்பு, அதன் கீழே மறுபடி நீட்டிப்பு, பக்கம் முழுக்க நீட்டிப்பு. கையெழுத்தெல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மதியத்தில் உட்கார்ந்து மொத்தமாகப் போட்டது போல. முதல் தேதிக்கும் நான் பார்த்த தேதிக்கும் 11 மாதம்.

நீங்கள் அந்த ஆலையின் ஆளாக இருந்தால் அந்த வரியின் முழுக் கதையும் உங்களுக்குத் தெரியும். உதிரிபாகம் வரவில்லை, வந்தபோது பொருந்தவில்லை, பொருத்த வேண்டுமானால் ஒரு நாள் நிறுத்த வேண்டும், நிறுத்த மேலே யாரும் சம்மதிக்கவில்லை. உங்களால் அன்று சாயங்காலமே ஏதாவது செய்ய முடியும். மட்டத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லலாம், வேறொரு கருவியிலிருந்து அலாரம் எடுக்கலாம், ஷிஃப்டுக்கு ஒருவரை அந்த மட்டத்தை மட்டும் பார்க்க வைக்கலாம், மேலாளர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். மூன்று நாளில் அந்த டிரிப் மறுபடி வேலை செய்தால் அதை எந்த அறிக்கையிலும் யாரும் எழுத மாட்டார்கள், ஆனால் அன்று இரவு நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். கையால் தொட்டுச் சரிசெய்கிற இந்தத் திருப்தி மற்ற இரண்டு வேலையிலும் கிடையாது. ஆலையை விட்டு வந்து இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அந்த ஏக்கம் உண்டு.

அதே ஆலைக்குள் உங்கள் குரலுக்கு ஓர் எல்லையும் உண்டு. உங்கள் போனஸும் உற்பத்தி மேலாளரின் போனஸும் ஒரே கணக்கிலிருந்துதான் வருகிறது. முதல் தடவை 'நிறுத்துங்கள்' என்றால் கேட்பார்கள், இரண்டாம் தடவை பெருமூச்சோடு கேட்பார்கள், மூன்றாம் தடவைக்குப் பிறகு உங்களை முக்கியமான கூட்டங்களுக்குக் கூப்பிட மறந்துபோவார்கள். எனக்கு நடந்தது அது. யாரும் கெட்டவர்கள் இல்லை, ஒவ்வொருவரும் தன் மாத இலக்கைப் பார்த்தார்கள். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நான் எழுதின மின்னஞ்சல்களை இன்று படித்தாலும், எப்படி ஒவ்வொன்றாக வார்த்தைகளை மென்மையாக்கிக்கொண்டே போயிருக்கிறேன் என்பது தெரிகிறது. ஆலையில் இருக்க முடிவு செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்: ப்ராசஸ் சேஃப்டி ஆள் யாருக்கு ரிப்போர்ட் செய்கிறார்? உற்பத்தி மேலாளருக்கு என்றால் யோசியுங்கள்.

இன்னொன்று, ஆலையில் இந்த ஆட்கள் இருப்பதே எவ்வளவு முக்கியம் என்பதற்கு லாங்ஃபோர்டை விட நல்ல பாடம் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள எரிவாயு ஆலை. 1998 செப்டம்பர் 25 அன்று சூடான எண்ணெய் ஓட்டம் நின்றுபோய், ஒரு வெப்பப் பரிமாற்றி உறைபனிக்கும் வெகு கீழே குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிரில் உருக்கு கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதற்குள் மறுபடி சூடான எண்ணெயை விட்டார்கள், பரிமாற்றி உடைந்தது, 2 பேர் இறந்தார்கள், 8 பேர் காயப்பட்டார்கள். அந்த ஆலையின் பொறியாளர்களைச் சில வருடங்களுக்கு முன்பே மெல்போர்ன் தலைமை அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்தப் பழைய பிரிவுக்கு ஹேஸாப் ஆய்வும் (எது எப்படித் தவறிப்போகலாம் என்று ஒவ்வொரு குழாயாகக் கேட்டுப் பார்ப்பது) செய்யாமல் விட்டிருந்தார்கள். 'அதை இப்போது சூடாக்காதே' என்று சொல்லக்கூடிய ஒருவர் கூப்பிடு தூரத்தில் இல்லை. ஆகவே யாராவது ஆலையிலேயே இருந்துவிடுகிறேன் என்றால் அதை நான் குறைவாகவே நினைக்க மாட்டேன்.

கன்சல்டன்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த பைபாஸ் ரிஜிஸ்டரை நீங்கள் பார்ப்பீர்களா என்பதே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேலை எல்லையைப் பொறுத்தது. ஐந்து நாள் ஹேஸாப் நடத்த வந்தால், கூட்ட அறையில் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, 'ஓட்டம் அதிகமானால்? ஓட்டம் நின்றால்? திசை மாறினால்?' என்று ஒவ்வொரு கோடாகக் கேட்டுக்கொண்டு போவீர்கள். ரிஜிஸ்டர் தற்செயலாகக் கண்ணில் பட்டால், பரிந்துரை எண் 47 என்று அறிக்கையில் ஏறும், 'உயர்மட்ட டிரிப்பை மீண்டும் செயல்பாட்டுக்குக் கொண்டுவருவதைப் பரிசீலிக்கவும்' என்று. அந்தப் 'பரிசீலிக்கவும்' என்ற ஒரு சொல்லை நான் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. பரிசீலித்தார்களா, மூடினார்களா என்பது உங்கள் காதுக்கு வராது, அடுத்த வாரம் வேறு ஆலை, வேறு வரைபடம். ஆனால் ஒன்று: தொழில் கூர்மையாவது இங்கேதான். லோப்பா (தடுப்பு அடுக்குகள் போதுமா என்று பார்க்கும் கணக்கு), வாயுப் பரவல் கணக்கு, வெடிப்பு அழுத்தக் கணக்கு எல்லாம் தினமும் கையில் புழங்கும், வருடத்துக்குப் பத்துப் பதினைந்து ஆலைகளைப் பார்ப்பீர்கள், பணமும் பரவாயில்லை. முப்பதுகளின் தொடக்கத்தில் மூன்று வருடம் இதில் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால், பணம் கொடுப்பவரைச் சங்கடப்படுத்தாமல் உண்மையைச் சொல்கிற கலை கைவந்துவிடும், அது பாதி நல்லது, பாதி ஆபத்து.

அடுத்து ஆணையத்தின் நாற்காலி. அதே ரிஜிஸ்டர், அதே வரி. நீங்கள் அந்த வரியின் மேல் விரலை வைத்து, குரலை உயர்த்தாமல், "இந்த 11 மாதத்துக்கான இடர் மதிப்பீட்டைக் காட்டுங்கள்" என்கிறீர்கள். அறை அமைதியாகிவிடும். யாரோ ஒருவர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போவார். ஆலையில் இருந்தபோது நீங்கள் கேட்ட அதே கேள்விதான், கன்சல்டன்டாக அறிக்கையில் எழுதியதும் இதேதான், ஆனால் இப்போது அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பதில் திருப்தியாக இல்லை என்றால் குறிப்பிட்ட தேதிக்குள் சரிசெய்யச் சொல்லி அறிவிப்பு, உடனடி ஆபத்து என்றால் அந்தப் பிரிவை நிறுத்தச் சொல்லித் தடை அறிவிப்பு. இந்த வேலைக்கு வருகிறவர்கள் வருவது இதற்காகத்தான், எனக்கும் அதுதான் காரணம்.

ஆனால் வந்த முதல் மாதத்திலேயே கையைக் கட்டிக்கொள்ளப் பழக வேண்டியிருந்தது. எனக்கு அந்த டிரான்ஸ்மிட்டரை எப்படிச் சரிசெய்வது என்று தெரியும், எந்த மாதிரி வாங்க வேண்டும், எங்கே பொருத்த வேண்டும் என்பது வரை. சொல்லக் கூடாது. நான் 'இதைப் பொருத்துங்கள்' என்று சொன்ன நிமிடமே அந்த ஆபத்தின் பொறுப்பில் ஒரு துண்டு அவர்கள் தோளிலிருந்து என் தோளுக்கு வந்துவிடும், நாளைக்கு அது வேலை செய்யாவிட்டால் 'ஆணையத்தின் நிபுணர்தானே சொன்னார்' என்பார்கள். ஆலையை நடத்துகிறவரே ஆபத்துக்கும் பொறுப்பு என்பது இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம். அதனால் கேள்வி கேட்கலாம், தரத்தைச் சுட்டிக்காட்டலாம், போதாது என்று சொல்லலாம், அவ்வளவுதான். பத்து வருடம் ஸ்பேனர் பக்கத்தில் நின்றவனுக்கு இது மிகவும் கஷ்டம். காபி குடிக்கும்போது சாதாரணமாகச் சொல்கிற வார்த்தையும் ஆணையத்தின் வார்த்தையாக எண்ணப்படும் என்பதால் பேச்சே குறைந்துபோகும்.

அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று தம்பி கேட்டான். படிப்பு, படிப்பு, படிப்பு. ஒரு கடல்மேடைக்கோ எரிவாயு முனையத்துக்கோ வருகிற சேஃப்டி கேஸ், அதாவது ஆபத்துகளை எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்று நிறுவனமே எழுதித் தரும் ஆவணம், நூற்றுக்கணக்கான பக்கம், இணைப்புகளோடு சேர்த்தால் இன்னும் பல மடங்கு. அதில் எல்லாத் தடுப்பும் எழுதப்பட்டிருக்கும், எல்லா எண்ணும் சரியாகவே கூடும். உங்கள் வேலை, அந்தப் பக்கங்களில் எந்த ஒரு வாக்கியம் பொய்யானால் மொத்தமும் சரிந்துவிடும் என்று கண்டுபிடித்து, அந்த வாக்கியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய், அது இருக்கும் இடத்தில் நின்று பார்ப்பது.

ஏன் நின்று பார்க்க வேண்டும் என்றால், பன்ஸ்ஃபீல்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2005 டிசம்பர் 11 அதிகாலை, லண்டனுக்கு வடக்கே உள்ள அந்த எரிபொருள் கிடங்கில் ஒரு பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்தது. மட்டம் காட்டும் கருவி ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது. அப்படி ஆனால் காப்பாற்ற என்றே தனியாக ஓர் உயர்மட்ட சுவிட்ச் இருந்தது, ஆவணத்தில் இருந்தது, தொட்டியின் தலையிலும் இருந்தது. அந்த சுவிட்சைச் சோதித்துப் பார்க்க ஒரு நெம்புகோல் உண்டு, சோதனை முடிந்ததும் அதைச் சரியான நிலையில் நிறுத்தி ஒரு பூட்டுப் போட வேண்டும், போடாவிட்டால் சுவிட்ச் வேலை செய்யாத நிலைக்கு நழுவிவிடலாம். பூட்டு போடப்படவில்லை. அது எதற்கு என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை, யாரும் கை வைக்காமல் பூட்டி வைப்பதற்கான ஒன்று என்று மட்டும் நினைத்திருந்தார்கள். ஆவி மேகம் பரவி வெடித்தது, 43 பேர் காயப்பட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் யாரும் சாகவில்லை. கைக்குள் அடங்குகிற ஒரு பூட்டு. எந்த சேஃப்டி கேஸைப் படித்தாலும் அது தெரியாது. தொட்டி மேல் ஏறி நின்று, 'இது எதற்கு?' என்று பக்கத்தில் நிற்கிற ஆபரேட்டரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இதனால்தான் கல்லூரி முடித்தவுடன் நேராக ஆணையத்துக்குப் போவதை நான் வேண்டாம் என்பேன். ஒரு ஆலையைக் குளிர்ந்த நிலையிலிருந்து இயக்கத்துக்குக் கொண்டுவருகிற அந்த மூன்று நாளை உள்ளே இருந்து பார்த்திருக்க வேண்டும், டர்ன்அரவுண்ட் (ஆலையை நிறுத்திவிட்டுச் செய்யும் பெரிய பராமரிப்பு) முடிகிற கடைசி வாரத்தில் எல்லோரும் எப்படிக் களைத்துப்போய் எதற்கும் கையெழுத்துப் போடுவார்கள் என்று பார்த்திருக்க வேண்டும், நீங்களே ஒருமுறை அவசரத்தில், வேலை தொடங்க அனுமதிக்கும் பர்மிட்டில் கையெழுத்துப் போட்டு அப்புறம் நெஞ்சு படபடத்திருக்க வேண்டும். அது இல்லாத ஆய்வாளர் காகிதத்தை மட்டும் சரிபார்ப்பார், ஆலைக்காரர்கள் அதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து, அவருக்குப் பிடித்த காகிதத்தை மட்டும் அடுக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

இனி, எல்லா ஆணையமும் ஒன்றல்ல. இந்த ஒப்பீட்டில் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான், ஏனென்றால் ஒரு நல்ல ஆணையத்துக்கும் பேருக்கு இருக்கிற ஆணையத்துக்கும் உள்ள தூரம், ஆலைக்கும் ஆணையத்துக்கும் உள்ள தூரத்தை விட அதிகம்.

பைப்பர் ஆல்ஃபா எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 1988 ஜூலை 6, வடகடலில் இருந்த எண்ணெய் மேடை. ஒரு கண்டன்சேட் (வாயுவிலிருந்து பிரியும் லேசான திரவம்) பம்பின் ரிலீஃப் வால்வை, அதாவது அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வை, பழுதுபார்க்கக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வெறும் மூடித் தகட்டை வைத்திருந்தார்கள். அதற்கான பர்மிட் ஒன்று, பம்புக்கான பர்மிட் வேறொன்று. இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோனதும், வால்வு இல்லாத விஷயம் தெரியாத ஷிஃப்ட் இந்தப் பம்பை ஓட்டியது. கசிந்து வெடித்தது, 167 பேர் இறந்தார்கள். பர்மிட் பாடம் என்று எல்லாப் பயிற்சியிலும் இதைச் சொல்வார்கள், ஆனால் ஆணையத்துக்குப் போகிறவர்கள் படிக்க வேண்டிய பாதி வேறு. அந்த மேடையை அரசின் ஆய்வாளர்கள் விபத்துக்குச் சில வாரம் முன்புகூடப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். 1990இல் வந்த கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை, அந்த ஆய்வுகள் மேலோட்டமானவை, பாதுகாப்பு நிர்வாகத்தைச் சோதிக்க அவை உதவவில்லை என்று சொன்னது. 106 பரிந்துரைகள் வந்தன. அவற்றில் முக்கியமானது, எண்ணெய் உற்பத்தியை வளர்க்கும் பொறுப்பில் இருந்த எரிசக்தித் துறையிடமிருந்து பாதுகாப்பைப் பிரித்து, பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிகியூட்டிவிடம் கொடுத்தது.

இருபது வருடம் கழித்து அமெரிக்காவில் அதே பாடத்தை மறுபடி படித்தார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் இறந்தபோது, கடல் எண்ணெய் வயல்களைக் குத்தகைக்கு விடுவதும், அதில் வருமானம் வசூலிப்பதும், பாதுகாப்பைப் பார்ப்பதும் ஒரே அமைப்பிடம் இருந்தது. அதற்கப்புறம்தான் அதை மூன்றாகப் பிரித்தார்கள். நார்வே இதை அதற்கு முன்பே, 2004இல், எண்ணெய் வளத்தைப் பார்க்கும் அமைப்பிலிருந்து பாதுகாப்பு அமைப்பைத் தனியாக்கிச் செய்துவிட்டது. ஆகவே நேர்காணலுக்குப் போகிறவர் அமைப்பின் விளக்கப்படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்: உரிமம் கொடுப்பவரும், உற்பத்தி கூட வேண்டும் என்று விரும்புகிறவரும், உங்கள் தடை அறிவிப்பில் கையெழுத்துப் போட வேண்டியவரும் ஒரே ஆளா? ஒரே ஆள் என்றால், ஆலையில் உற்பத்தி மேலாளருக்குக் கீழே உட்கார்ந்த அதே கதைதான், கட்டிடம் மட்டும் மாறியிருக்கும்.

ஆட்பலம் அடுத்தது. நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தில் 2010 நவம்பரில் மீத்தேன் வெடித்து 29 பேர் இறந்தார்கள். அப்போது நாடு முழுமைக்கும் இருந்த சுரங்க ஆய்வாளர்கள் 2 பேர். அவர்கள் எவ்வளவு திறமையானவர்களாக இருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? ஓர் ஆணையம் உங்களை ஒரே ப்ராசஸ் சேஃப்டி நிபுணராக எடுக்கிறது என்றால் அது பெருமை மாதிரித் தெரியும். எச்சரிக்கை அது. உங்கள் கருத்தை மறுத்துப் பேச, உங்கள் கணக்கைச் சரிபார்க்க, பக்கத்து மேசையில் இன்னும் இரண்டு பேராவது வேண்டும், இல்லையென்றால் மூன்று வருடத்தில் தப்பும் சரியும் உங்கள் ஒருவர் தலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

விதிகளின் வகையும் உங்கள் சுபாவத்துக்கு ஒத்துவர வேண்டும். சில ஆணையங்கள் இத்தனை மீட்டர் இடைவெளி, இத்தனை மாதத்துக்கு ஒரு சோதனை என்று விதித்துவிட்டு அதைச் சரிபார்க்கும். பிரிட்டன், நார்வே, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் கடல் எண்ணெய்த் துறைக்கு இலக்கை மட்டும் வைத்து, நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்கு ஆபத்தைக் குறைத்திருக்கிறேன் என்று நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்பார்கள். முதல் வகையில் நிபுணத்துவம் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆனால் சண்டை குறைவு, விதி இருக்கிறது அல்லது இல்லை. இரண்டாம் வகையில் 'நியாயமாகச் செய்யக்கூடியது' என்பதன் எல்லை எங்கே என்று ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டும், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் நல்ல வழக்கறிஞரும் நான்கு கன்சல்டன்டும் இருப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அதில்தான் படித்த படிப்புக்கு வேலை இருக்கிறது.

சொந்த வாழ்க்கை சார்ந்தவற்றையும் மறைக்க வேண்டியதில்லை. பெரிய எண்ணெய் நிறுவனத்தின் சம்பளத்தை ஆணையம் பொதுவாகத் தராது. துறை நிறுவனங்களின் பங்குகளை வைத்திருந்தால் தெரிவிக்க வேண்டும், பல இடங்களில் விற்க வேண்டும். பழைய ஆலையின் கோப்பு வந்தால் விலகி நிற்க வேண்டும், பழைய நண்பர்களோடு பேச்சு கொஞ்சம் விறைத்துப்போகும், அவர்களும் உங்களிடம் எதைச் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள், அது வலிக்கும். திரும்பத் தொழிலுக்குப் போக நினைத்தால் சில ஆணையங்களில் காத்திருப்புக் காலம் உண்டு. இரவு இரண்டு மணி ஃபோன் மட்டும் வெகுவாகக் குறையும், முறை வைத்து விழித்திருக்கும் வாரங்கள் தவிர. ஆனால் எப்போதாவது வருகிற அந்த ஒரு ஃபோன், நீங்கள் ஆறு மாதம் முன்பு 'ஏற்கலாம்' என்று எழுதிய ஆலையிலிருந்து வந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு கூடவே இருக்கும். நான் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு கோப்பையும் என் சொந்தக் குறிப்பில் எழுதி, எதை நம்பிச் சம்மதித்தேன் என்று இரண்டு வரி சேர்த்து வைத்திருக்கிறேன். போகிறவர்கள் அந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணையத்தின் பக்கம் எடையைச் சாய்க்கிற ஒன்று இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. புது எரிசக்தி. ஹைட்ரஜன், பேட்டரிக் கிடங்கு, கார்பன் டைஆக்சைடு குழாய் எல்லாம் அனுபவமே இல்லாத நிறுவனங்களால் வேகமாகக் கட்டப்படுகின்றன. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்கிற சின்ன ஊருக்கு அருகே மழையில் மண் சரிந்து ஒரு கார்பன் டைஆக்சைடு குழாய் உடைந்தது. காற்றை விடக் கனமான அந்த வாயு தாழ்வான நிலத்தில் படர்ந்து ஊருக்குள் வந்தது, ஆக்சிஜன் இல்லாமல் கார் என்ஜின்களே நின்றுபோயின, தப்பி ஓடவும் வழியில்லை. சுமார் 200 பேரை வெளியேற்றினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தக் குழாயைக் கட்டும்போது, மேகம் எந்தப் பக்கம் போகும் என்ற கணக்கில் அந்த ஊர் பாதிப்புப் பகுதிக்குள் சேர்க்கப்படவில்லை. ஒரு ஆலையில் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு ஆலையின் கணக்கை மட்டும் திருத்தலாம், ஆணையத்தில் உட்கார்ந்திருந்தால் இனிக் கட்டப்போகிற எல்லாக் குழாய்க்குமான வழிகாட்டியில் அந்தக் கேள்வியை எழுதி வைக்கலாம். விதி உருவாகிற காலத்தில் உள்ளே இருக்கிற வாய்ப்பு ஒருவரின் தொழில் வாழ்க்கையில் ஒரு முறைதான் வரும், அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? அவனுக்குப் பத்து வருடம் ஆகிவிட்டது, இரண்டு பெரிய டர்ன்அரவுண்ட் பார்த்திருக்கிறான், எதையும் முடிவு தெரியாமல் விட்டுவிட்டு வர முடியாத சுபாவம். அதனால் கன்சல்டன்சியை முதலில் தள்ளச் சொன்னேன், பணம் அங்கே அதிகம் என்றாலும். மீதி இரண்டில் ஆணையத்துக்குப் போ என்றேன், மூன்று பதில் சரியாக வந்தால் மட்டும். ப்ராசஸ் சேஃப்டிக் குழுவில் எத்தனை பேர்? தடை அறிவிப்பில் கையெழுத்து யாருடையது, கடைசியாக அப்படி ஓர் அறிவிப்பு எப்போது போனது? வருடத்தில் எத்தனை நாள் ஆலைகளுக்குள் இருப்பேன், எத்தனை நாள் மேசையில்? இந்த மூன்றில் ஒன்றுக்காவது மழுப்பலான பதில் வந்தால், புரமோஷனை வாங்கிக்கொண்டு ஆலையிலேயே இரு, அங்கே உன்னைத் தேடுகிற ஷிஃப்ட் ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன்.

"கையக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமாண்ணா என்னால?" என்று கேட்டான். முதல் வருடம் முடியாது என்று சொன்னேன். நேர்காணல் வரும் வியாழக்கிழமை. அந்த மூன்று கேள்வியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகிறானாம்.